குர்திஸ்தான் போய் வந்தவரின் பக்கத்து வீடு

ஊர் சுற்றி வந்தவர்களின் அலட்டலைச் சகிப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. ஆனாலும் என் கணவரோடு வேலை செய்யும் சென்னைக்காரர் கூப்பிட்டார் என்று ஒரு சனிக்கிழமை நாங்கள் இருக்கும் மனுரேவாவிலிருந்து அவர் வீடு இருக்கும் தகனினிக்குப் போனோம். அவரும் மனைவியும் குர்திஸ்தான் போய் வந்திருந்தார்கள்.

பெரிய டிவியில் வீடியோ ஓடியது. மேளமும் நாதஸ்வரத்துக்குத் தம்பி போன்ற ஒரு குழலும் முழங்க, சுண்டுவிரல்களைக் கோத்துக்கொண்டு ஒரு வரிசை ஆடியது. நடுவில் நம்மவர், மற்றவர்கள் இடது கால் வைக்கும்போது வலது காலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"முன்னப்பின்ன தெரியாதவனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுறாங்க அக்கா. அந்த மனசு நமக்கெல்லாம் வருமா?" என்றார்.

சமையலறை மேடையில் ஃபாயில் மூடிய தட்டு ஒன்று பிரிக்காமல் கிடந்தது. என்ன என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுல குடுத்தாங்க அக்கா. அவங்களும் குர்துக்காரங்கதான்," என்றார் மனைவி. "இன்னைக்குப் பொண்ணுக்குக் கல்யாணமாம். சாயந்திரம் வரைக்கும் மேளம் அடிப்போம், நீங்களும் வாங்கன்னு பொண்ணோட அப்பா சொன்னார். மாப்பிள்ளையோட அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்களாம். இங்க மேளம் அடிச்சா பாதியில நிறுத்திடுவாங்களோன்னு அந்தம்மாவுக்கு ஒரே பயமாம். யாரு போறது? உள்ள என்ன கறியோ!"

பிரித்துப் பார்த்தேன். திராட்சை இலையில் சுருட்டிய சோறு, எலுமிச்சைப் புளிப்போடு. நான்கைந்து தின்றேன். கறியே இல்லை.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நிஜ மேளம் தொடங்கியது. நண்பர் முகம் சுளித்து ஜன்னலைச் சாத்தினார். டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு கராஜுக்குள் போனார். நாற்காலி எடுக்கப் பின்னால் போன என் காதிலேயே விழுந்தது. பக்கத்து வீட்டு மேளச் சத்தம் தாங்க முடியவில்லை என்று நகர கவுன்சிலுக்கு போன் செய்து புகார் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்தோம்பலைப் பார்க்க விமானம் ஏறிய மனிதரால் வேலியைத் தாண்ட முடியவில்லை. அந்தத் தாய் பயந்தது நடந்துவிடப் போகிறதே என்று பதறினேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டில் மேளம் ஓய்ந்தது. சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். நம்மவர் டிவி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. கதவு தட்டப்பட்டது. சத்தத்தை விசாரிக்க வந்த கவுன்சில் ஆள், தெருவில் நின்று காதுகொடுத்துக் கேட்டு, மேளம் முழங்கிய ஒரே வீட்டுக்கு வந்திருந்தார்.

"இந்த வீடுதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நண்பர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஓம், இந்த வீடுதான்."

இன்னொரு முறை புகார் வந்தால் டிவியைத் தூக்கிப்போய்விடுவோம் என்று எச்சரித்துவிட்டு அவர் போனார். நண்பர் திருதிருவென்று முழித்தார்.

கவுன்சில்காரரின் கார் மறைந்ததும் மணப்பெண்ணின் அப்பா வேகமாக வந்தார். போச்சு, புகார் செய்தது தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவரோ நண்பரை இறுகக் கட்டிக்கொண்டார்.

"உங்கள் வீட்டிலிருந்து எங்கள் மேளம் கேட்டது. எங்கள் சம்பந்தியம்மாவின் பயமே போய்விட்டது. இந்த ஊரில் நம் பாட்டை விரும்பிக் கேட்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்று அழுகிறார். உங்கள் கையைப் பிடித்துத்தான் ஆடுவாராம்."

ஆடினார் அந்தம்மா. விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு சுண்டுவிரலைக் கொடுத்துவிட்டு, நண்பர் அப்போதும் தப்பான காலையே தூக்கினார்.