மழைச் செய்தி கொண்டுபோன உபதேசியார்

என் கணவர் சந்தவாசல் பக்கம் ஒரு சின்ன சபைக்கு உபதேசியாராக இருந்தார். எழுபதுகளின் கடைசியில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி வேலூர் ஜெயிலுக்குப் போய்க் கைதிகளுக்கு ஜெபம் நடத்துவார். பாட்டு வராத மனிதர். கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு அவர் கீர்த்தனை எடுத்தால் எனக்கே சிரிப்பு வரும். உள்ளே இருந்தவர்கள் பாவம், எழுந்துபோக முடியாது.

ஒரு ஞாயிறு வாடிய முகத்தோடு வந்தார். சந்தனக்கட்டை வெட்டித் தண்டனை பெற்ற ஜவ்வாது மலைக்காரர் ஒருவர் எப்போதும் பின்சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பாராம். அன்றைக்குப் பிரசங்கத்தின் நடுவில் கையைத் தூக்கியிருக்கிறார். மனம் திரும்பிவிட்டார் என்று இவர் பூரித்துப்போய், "சொல்லுங்கய்யா" என்றாராம்.

"எங்க மலைல மழ பேஞ்சிச்சாங்க?"

"கேட்டதுல இன்னா தப்பு? சாம வெதைக்கிற நேரம்" என்றேன் நான்.

அந்த வாரம் முழுக்க, மலைமேல் எந்தப் பக்கம் மேகம் கருத்திருக்கிறது என்று நான்தான் பார்த்து வைத்தேன். இவர் போய்ச் சொன்னார். அதற்குப் பிறகு மலைக் கைதிகள் எல்லோரும் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். முதலில் மழைச் செய்தி, அப்புறம்தான் வேத வாசிப்பு.

பிறகு ஒருநாள் அந்த மலைக்காரர், "எம் பொண்டாட்டி ஒரு தடவகூட வந்து பாக்கலைங்க. இருக்கிறாளா இல்லியான்னே தெரில" என்று அழுதிருக்கிறார். இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவருடைய ஊரைக் கேட்டுக்கொண்டு, மனைவியைத் தேடிப் படவேடு வழியாக நாங்கள் இருவரும் மலையேறினோம்.

அந்த அம்மாள் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். இவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் பாரஸ்ட்காரர் என்று நினைத்துவிட்டார்.

"உங்க வூட்டுக்காரரு அனுப்பினாருங்க" என்றேன்.

"அவுரா? அப்போ எங்க கருப்பு மாட்டுக்கு எந்தக் கொம்பு ஒடஞ்சிருக்குன்னு கேட்டுனு வாங்க."

அவ்வளவுதான். தண்ணீர்கூடத் தராமல் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு இவர் ஜெபத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார். மலைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

மறுபடியும் முழங்கால் வலிக்க மலையேறினோம். இவர் மூச்சு வாங்கியபடி, "அது மொட்ட மாடும்மா. கொம்பே மொளைக்கலையாம்" என்றார்.

அந்த அம்மாள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெயிலுக்குப் போனால் தன்னையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்களாம். அதனால்தான் போகவில்லை. பிறகு எங்களுக்குக் களி கிண்டிப் போட்டார்.

ஜெயிலில் மனுப் போட்டுக் கணவரைப் பார்க்க அவரை நான்தான் கூட்டிப்போனேன். பஸ்ஸில் என் கையை விடவே இல்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கணவரைப் பார்த்ததும் வலையை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள், "நல்லா துன்னுட்டு ஒடம்பு போட்டுக்கினு கீற! அங்க ஏர் ஓட்ட நாதியில்ல!" வார்டர்கூடச் சிரித்துவிட்டார். அந்த மனிதர் வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு, "திட்டுடி, இன்னும் திட்டு" என்றார். வேதாகமத்தோடு நின்றிருந்த என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விடுதலையானதும் இருவரும் ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மலைக்காரர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அந்த ஏக்கம் என் கணவருக்குக் கொஞ்ச நாள் இருந்தது. ஆனால் அந்த வருஷம் அறுவடைக்கு எங்களை வற்புறுத்தி அழைத்துப்போய், களத்தில் எல்லோரையும் நிறுத்தி, "எங்க உபதேசியாரு பாடுவாரு, கேளுங்க" என்றார்.

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். மலை முழுக்க எழுந்துபோக வழியிருந்தும், ஒருவரும் அசையவில்லை.