நினைவுக்கல்லுக்கு நாற்பது அடி

பிப்ரவரி பதினைந்து நெருங்கினாலே அசன்குலுக்குப் பயம் வந்துவிடும். ஆப்கானிஸ்தானத்தில் போரிட்டுத் திரும்பியவர்களை அன்றைக்கு மாவட்டத் தலைநகரின் பூங்காவுக்கு அழைத்து, வரிசையாக உட்கார வைத்து, பள்ளிக்கூடப் பெண்கள் ஆளுக்கொரு சிவப்புப் பூ கொடுப்பார்கள். மற்றவர்கள் பதக்கங்களைத் துடைத்து மாட்டிக்கொண்டு வருவார்கள். அசன்குல் கடைசி நாற்காலியாகப் பார்த்து உட்காருவான். அவனோடு ஒரே பிரிவில் இருந்த நாரின் ஊர்க்காரன் கபார் எப்படிச் செத்தான் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுதான் அவன் பயம். பதினெட்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை. அதனால் பயம் குறைந்துவிடவும் இல்லை.

அவன் சோவியத் படையில் கண்ணிவெடி எடுக்கிற பிரிவில் இருந்தவன். இரண்டு வருஷம் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழி சொன்னான். சொந்த ஊரான ஆக்-ஜாருக்குத் திரும்பி வந்து ஆப்ரிகாட் பழத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். மண்வெட்டியை ஓங்கும்போது ஒரு கணம் கை அந்தரத்தில் நிற்கும். அவன் மனைவி அதைப் பார்த்திருக்கிறாள், கேட்டதில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷக் கோடையில் ஆயுதக்காரர்கள் எல்லை தாண்டிக் கணவாய் வழியாக இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் ஐந்து பேர், மேய்ச்சல் நிலத்தில் இருந்த குடும்பங்களைக் கீழே ஓடச் சொல்லிவிட்டு, வேட்டைத் துப்பாக்கிகளோடு மறித்து நின்றார்கள். குடும்பங்கள் தப்பின. ஐவரும் திரும்பவில்லை. அவர்களில் ஒருவன் ஜுமாதில், காட்டுக் காவலன், புர்மாக்கானின் கணவன். அவர்கள் விழுந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் நட்டு ஐந்து பெயரையும் பொறித்தார்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊரே ஏறிப்போய்க் குரான் ஓதிவிட்டு வரும்.

ஐந்தாம் வருஷ வசந்தத்தில் மலை சரிந்தது. மேற்சரிவின் மண் மொத்தமும் இறங்கிப் பாதையை மூடிவிட்டது. மேற்சரிவில் கண்ணிவெடி புதைத்திருப்பது ஊருக்குத் தெரியும். யார் புதைத்தது என்பதுதான் தெரியாது. ஜூன் மாதம் அந்த மண்ணில் ஏறிய செம்மறி ஒன்று வெடித்துச் சிதறியது. வெடி எடுக்க ஆள் கேட்டு ஊரார் எழுதிப் போட்டார்கள், பதில் வரவில்லை. இந்த வருஷம் ஆற்றங்கரையிலேயே ஓதிவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

புர்மாக்கான் நேராக அசன்குல் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, பட்டாளத்துல நீங்க பார்த்த வேலை இதுதானே? முன்னால நடங்க. நான் பின்னால வரேன்."

"அதெல்லாம் அந்தக் காலம் புர்மாக்கான். எல்லாம் மறந்துபோச்சு."

"வருஷா வருஷம் போய்ப் பூ வாங்கிக்க மட்டும் மறக்கல."

கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது அவனுக்கு. "நாளைக்குக் காலையில வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

காலையில் கறி சுடும் கம்பி ஒன்றை முனை தீட்டி எடுத்துக்கொண்டான். புர்மாக்கானோடு லாரி டிரைவர் எர்கேஷும் வந்திருந்தான். கல்லில் இருந்த இரண்டாவது பெயர் அவன் தம்பியுடையது.

"அண்ணன் கம்பியோட கெளம்பிட்டாரு. ஆடுதான் ஏற்கெனவே மேல வெந்து கெடக்கே" என்றான் எர்கேஷ்.

சரிந்த மண் தொடங்கும் இடத்தில் அசன்குல் நின்றான். "நான் கால் வச்ச எடத்துலதான் கால் வைக்கணும். நான் நின்னா நிக்கணும். ஒக்காரக் கூடாது, எதையும் புடிக்கக் கூடாது. புரியுதா?"

குப்புறப் படுத்தான். கம்பியைச் சாய்வாக இறக்கினான். ஒரு சாண், மறுபடி ஒரு சாண். பார்த்து முடித்த இடத்தில் ஒரு வெள்ளைக் கல் வைத்தான். அறுபது அடி போக வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எர்கேஷின் மூச்சு பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

நினைவுக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் நாற்பது அடிதான். அப்போது கம்பி எதிலோ இடித்தது.

கல்லா, இரும்பா? ஒரு காலத்தில் இதை விரல் நுனியே சொல்லிவிடும். இப்போது விரல்கள் எதையும் சொல்லவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. மெல்லக் கம்பியை உருவினான்.

"இதுக்கு மேல முடியாது. திரும்பலாம்."

"நாப்பது அடிண்ணே! அவரு பேரு இங்கேருந்தே தெரியுது!"

"என்னன்னு எனக்குத் தெரியல புர்மாக்கான்."

"தெரியலன்னா ஒதுங்குங்க." அவள் அவனைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

படுத்தவாக்கிலேயே அவள் கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டான். "கபாரைக் கொன்னது நான்தான்" என்றான்.

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது.

"சாயங்காலம் ஆயிடுச்சு. கை ஓஞ்சுபோச்சு. கடைசிப் பத்தடியை நான் குத்திப் பார்க்கவே இல்ல. வழி சுத்தம்னு கத்திட்டேன். அவன் என்னை நம்பி நடந்தான். எதிரி வச்ச வெடியில செத்தான்னு எழுதிக்கிட்டாங்க. யார்கிட்டயும் சொன்னதில்ல. பொண்டாட்டிகிட்டகூட."

புர்மாக்கான் காலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். கல்லைப் பார்த்தபடி அங்கேயே உள்ளங்கைகளை விரித்து ஓதினாள். ஐந்து பெயரையும் சொல்லி, ஆறாவதாகக் கபார் என்ற பெயரையும் சேர்த்தாள். ஓதி முடித்ததும் மூவரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

இறங்குவது இன்னும் மோசமாக இருந்தது. இப்போது முன்னால் போனது எர்கேஷ். தான் வைத்த வெள்ளைக் கற்களையே அசன்குலால் நம்ப முடியவில்லை. முன்னால் போகிற ஒவ்வொரு காலும் மண்ணில் பதியும்போது கண்ணை மூடிக்கொண்டான்.

அக்டோபரில் வெடி எடுக்கிறவர்கள் கருவிகளோடு வந்து இரண்டு நாள் தேடினார்கள். மேற்சரிவில் மூன்று எடுத்தார்கள். அந்த நாற்பது அடியில் ஒன்றும் இல்லை. அசன்குலின் கம்பி இடித்த இடத்தில் மேய்ப்பன் எவனோ விட்டுப்போன கெட்டில் மூடி ஒன்று கிடைத்தது.

தேநீர்க்கடையில் ஒரு வாரம் அதே பேச்சு. "மூடிக்குப் பயந்த மாவீரன்" என்று ஒருவன் சொன்னபோது எர்கேஷ் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "நீ அன்னைக்கு எங்கடா இருந்த? ஆத்தங்கரையில கால் நனைச்சுக்கிட்டு!"

தோட்டத்துப் பக்கம் வந்த புர்மாக்கான் அசன்குலிடம் மறைக்காமல் சொன்னாள். "எனக்கு இன்னும் கோவம்தாண்ணே. நாப்பதடியில அவரை விட்டுட்டு வந்தேன். ஆனா ரெண்டு காலோட வந்தேன்." அவன் தலையாட்டினான்.

அடுத்த ஆகஸ்டில் ஊர் முழுக்க ஏறியது. பாதை சுத்தம் என்று பலகையே நட்டிருந்தார்கள். இருந்தும் அசன்குலை முன்னால் நடக்கச் சொன்னாள் புர்மாக்கான். அவன் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தான். பின்னால் வந்தவர்களும் முணுமுணுக்காமல் அவன் வேகத்துக்கே வந்தார்கள். கல்லருகே போய்ச் சேர்ந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. எர்கேஷ் ரொட்டியைப் பிட்டு நீட்டினான். அதை வாங்கிக்கொண்டு உட்காரப் போன அசன்குல், உட்காருமுன் தரையை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தான்.