நாலு வீட்டில் ஒரு கைத்தட்டல்

ஏழு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிய எனக்கு, கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்த அந்த ஜூலை மாதத்தில் கால் தரிக்கவில்லை. விமானங்கள் எப்போது பறக்கும் என்று தினமும் பார்ப்பேன். வீட்டில் இருக்க முடியாமல்தான், நான் படித்த கல்லூரியின் நாடகக் குழுவுக்கு உதவ ஒப்புக்கொண்டேன். கல்லூரி மூடியிருந்தது. நான்கு மாணவர்கள் அவரவர் வீட்டிலிருந்து நடிக்க வேண்டும். அதை ஒரே நாடகமாகப் பதிவு செய்ய வேண்டும். ஒலி வேலை தெரிந்த ஆளைத் தேடிப் பாலக்கரையில் நஜ்முன்னிசாவின் மைக் செட் கடைக்குப் போனேன்.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. கணவர் இம்தியாஸ் பதினாறு வருடமாகக் குவைத்தில். அவர் விட்டுப்போன இரண்டு ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று கடையை நடத்தியவர் நஜ்முன்னிசா. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, குழாய் ஸ்பீக்கரைத் தானே கட்டுவார். ஒன்றரை வருடமாக ஊரில் விசேஷம் இல்லை. பெட்டிகள் மேல் தூசி படிந்திருந்தது.

"வெள்ளிக்கிழம வேன் வருது," என்றார். "துவாக்குடிக்காரர் ஒருத்தர் எல்லாத்தையும் எடுத்துக்கிறாராம். எங்க வீட்டுக்காரவங்க குவைத்துலேருந்தே பேசி முடிச்சிட்டாங்க."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"எங்கிட்ட யாரு கேட்டா? உன் நாடகம் நல்லா வந்தா காலேஜ்ல வருஷம் பூரா வேலை குடுப்பாங்கன்னியே, அது நெசம்தானே? நெசம்னா அவங்ககிட்ட பேச எனக்கு ஒரு வாய் இருக்கும்."

நிஜம்தான் என்றேன். அன்றே வேலை தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் இரண்டு போன். ஒன்றில் எல்லாரும் பேசிக்கொள்ளும் அழைப்பு, காதில் இயர்போன். இன்னொன்று படம் பிடிக்க. எதிரொலி வராமல் இருக்க முதுகுக்குப் பின்னால் போர்வை. நான்கு பேரில் மருங்காபுரி மகாலட்சுமிக்கு மட்டும் இரண்டாவது போன் இல்லை. பக்கத்து வீட்டுப் பிச்சமுத்து வெள்ளிக்கிழமை மட்டும், ஐந்து மணி வரை தருவதாகச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை மற்ற மூவரை வைத்து ஒத்திகை. மேடைப் பழக்கத்தில் நஜ்முன்னிசா, "ஒன், டூ, த்ரீ" என்றதும் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அந்தத் தட்டலை வைத்துத்தான் படங்களை இணைக்க வேண்டும். தட்டலை நேராக வைத்துப் போட்டுப் பார்த்தால், கிணற்றுக்காகச் சண்டை போடும் அண்ணனும் தம்பியும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்தார்கள்.

"ஜோஸ்வின், அண்ணன் கேக்குறதுக்கு முன்னாடியே பதில் சொல்றியேப்பா. வினாத்தாள் அவுட்டா?" என்றார் நஜ்முன்னிசா. அண்ணனாக நடித்த ஸ்ரீரங்கத்துச் சித்தார்த் விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "தனித்தனியா வசனம் பேச வச்சு வெட்டி ஒட்டிடலாம்க்கா."

"அதுக்குப் பேரு சண்டையா? நீ கொஞ்சம் உக்காரு, சும்மா நடந்துக்கிட்டே இருக்காத."

உட்கார்ந்தேன். ஒயரைச் சுற்றியபடி இருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"நான் ஒண்ணு சொன்னா குவைத்துலேருந்து சிரிப்பு ஒரு மூச்சு கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள அடுத்தத பேசுனா அன்னைக்குச் சண்டைதான். பதினாறு வருஷமா இப்படிக் குடும்பம் நடத்திட்டு, எல்லார் காதுலயும் ஒரே நேரத்துல விழும்னு எண்ணுனேன் பாரு!"

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் புது ஏற்பாட்டைச் சொன்னார். "யாரும் தட்டாதீங்க, ஆளாளுக்குக் கை முந்தும் பிந்தும். இயர்போனக் காதுலேருந்து எடுத்து, படம் பிடிக்கிற போனோட மைக் கிட்ட வைங்க. நான் ஒரே ஒரு தட்டு தட்டுவேன். உங்க காதுக்கு எப்ப வருமோ, அப்பவே அந்தப் போனுக்கும் வரட்டும். தட்டு லேட்டா வர்ற வீட்டுக்கு வசனமும் அதே லேட்டாத்தான் வரும், அதனால தட்ட நேரா வச்சா பேச்சும் நேராயிடும்."

தட்டினார். இயர்போன்கள் காதுக்குத் திரும்பின. சண்டை தொடங்கியது.

பத்தாவது நிமிடம் வேன் வந்து நின்றது. நஜ்முன்னிசா டிரைவரிடம் சும்மா இருங்கள் என்று கைகாட்டினார். டிரைவர் யாருக்கோ போன் செய்தார். உடனே நஜ்முன்னிசாவின் போன் அதிர்ந்தது: இம்தியாஸ். நாடகத்தின் அழைப்பும் அதே போனில்தான். எடுத்தால் நான்கு பேர் காதும் அடைந்துவிடும். பிச்சமுத்துவின் போனுக்கு இன்னொரு நாள் கிடையாது.

கட் செய்தார். மறுபடி அடித்தது. மறுபடி கட். நாலு தடவை. பதினாறு வருடத்தில் கணவர் அழைப்பை அவர் துண்டித்தது அன்றுதான் என்று பிறகு சொன்னார்.

மகாலட்சுமியின் பதிவு வந்து சேர்ந்தபோது ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அதற்குள் டிரைவர் இரண்டு டீ குடித்துவிட்டார். நான் தெருமுனை வரை எட்டு முறை போய் வந்துவிட்டேன். நான்கு படங்களையும் அந்த ஒரு தட்டலில் நேராக வைத்தேன். அண்ணன் கேட்டான். தம்பி பொறுத்து, பல்லைக் கடித்துப் பதில் சொன்னான். மகாலட்சுமி குறுக்கே விழுந்து கத்தினாள். ஒரே வீட்டுச் சண்டையாக இருந்தது.

நஜ்முன்னிசா வாசலுக்குப் போனார். "அண்ணே, நீங்க கிளம்புங்க. சாமான் எதுவும் ஏறாது." திரும்பி வந்து ஸ்பீக்கரில் குவைத்துக்குப் போட்டார்.

"என்ன புள்ள, நாலு தடவ கட் பண்ணிட்ட?"

"வேலையில இருந்தேன் மச்சான். வேனத் திருப்பி அனுப்பிட்டேன். கடை இருக்கட்டும். காலேஜ் வேலை வரும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா, கோபமா? ஸ்கூட்டர் சாவியோடு எழுந்துவிட்டேன். "ஹலோன்னு கூப்பிடுங்கக்கா," என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மூச்சு. இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று.

"ஆடிக் காத்து," என்றது போன். "பெட்டிய எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி வை."