ஒன்பது கல்லும் ஒரு டப்பா செந்தூரமும்

என் அக்கா பவுனைக் கட்டிக்கொண்ட அருணாச்சலம் மாமா எதைக் கண்டாலும் முகம் சுளிப்பவர். யார் வீட்டில் காபி கொடுத்தாலும் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். புனே பக்கம் தேஹு ரோடு ஃபேக்டரியில் அவருக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் உருப்படியைத் தள்ளிவிடுவார். அதே கண்ணால் ஊரையும் பார்த்தால் மனுஷனுக்கு நிம்மதி ஏது?

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மேடு. அதில் ஒன்பது குத்துக்கற்கள் வட்டமாக நின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரம். எழுத்து கிடையாது, சிற்பம் கிடையாது. காலை நடையில் மாமா அவற்றுக்கு நடுவே பத்து நிமிஷம் சும்மா நிற்பார்.

"இன்னா மாமா பாக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்த ஊர்ல சுத்தமா இருக்கறது இது ஒண்ணுதான்டா" என்றார்.

தொண்ணூற்றைந்தில் கிரிஜா என்ற பெண் வந்தார். புனே விஷ்ராந்த்வாடித் தமிழர், அங்கேயே ஒரு கல்லூரியில் தொல்லியல் சொல்லிக்கொடுப்பவர். நாள் முழுக்க வெயிலில் டேப் பிடித்து அளந்து வரைந்தார். அவருக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் மாமா.

"கீழ ஈமக்குழி இருக்கலாம் சார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும். ஆனா கல்லு நின்ன இடத்துல நின்னாதான் எங்களுக்கு எதுவும் தெரியும். தோண்ட அனுமதி வர்ற வரைக்கும் யாரும் அசைக்காம பாத்துக்குவீங்களா?"

"என் உசுரு இருக்கற வரிக்கும் அசையாதும்மா" என்றார் மாமா. கிரிஜா கொடுத்த வரைபட நகலை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினார்.

அனுமதி வரவில்லை. ஜனம் வந்தது. மேட்டுக்குக் கீழே வரிசையாக வாடகை அறைகள் எழும்பின. அறை கட்டியவன் கக்கூஸ் கட்டவில்லை. விடிந்தால் ஆளுக்கொரு டப்பாவோடு மேடேறி, கல்லுக்கு ஒருவராக மறைவில் குந்தினார்கள். மாமா இந்தியில் கத்திப் பார்த்தார். குந்தியிருந்தவர்கள் சிரித்தார்கள், எழுந்திருக்கக்கூட இல்லை. ஆபீஸ் ஆபீஸாக மனு எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. இந்த ஊரில் கல்லில் செந்தூரம் ஏறிவிட்டால் அது தெய்வம், பக்கத்தில் செருப்புக் காலோடுகூடப் போகமாட்டார்கள். எங்கள் வேலூர்ப் பக்கம் மஞ்சளும் குங்குமமும் செய்கிற வேலைதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடையில் செந்தூரம் வாங்கி, எண்ணெயில் குழைத்து, பெரிய கல்லில் அப்பி, ஒரு எலுமிச்சம்பழமும் செண்டுமல்லிச் சரமும் வைத்தார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான். இன்றைக்கும் என் கையை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

ஒரே வாரத்தில் மேடு காலியானது. "ஒரு டப்பாவுல முடிச்சிட்டேன் பாத்தியா?" என்று மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த வாரம் யாரோ தேங்காய் உடைத்தார்கள். அதற்கடுத்த வாரம் பாலாபிஷேகம். பீ நாற்றம் போய்ப் புளித்த பாலும் ஊசிப்போன எண்ணெயும் நாறின. ஈ மொய்த்தது, எலி வந்தது. தகரக் கொட்டகை வந்தது, ஒலிபெருக்கி வந்தது, பிறகு கமிட்டியும் வந்தது. குழாய்த் தண்ணீருக்கு ஒன்றுகூடாத தமிழரும் மராட்டியரும் இதற்குக் கைகோத்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே முடியவே இல்லை, வளர்ந்துகொண்டே போனது.

கமிட்டித் தலைவர் கோவிந்தராஜ் எங்கள் ஃபேக்டரி ஆள்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "மத்த எட்டுக் கல்லும் சாமிய மறைக்குதுண்ணே. எடுத்துட்டு மேடை கட்டலாம்னு இருக்கோம்" என்றார்.

மாமா சட்டைகூடப் போடாமல் மேட்டுக்கு ஓடினார். "அது சாமி இல்லய்யா! நீங்க பேண்டு வெக்கறீங்கன்னு நான்தான்யா பூசினேன்! இதோ நிக்கறான் பாரு எம்மச்சான், அவனக் கேளு!"

நானும் ஆமாம் என்றேன். கோவிந்தராஜ் கைகூப்பினார். "உங்க கையால பூச வெச்சதே அந்தச் சாமிதானேண்ணே."

ஒரு மராட்டியக் கிழவி மாமாவின் காலில் விழுந்து கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவர் குழாயடியில் உட்கார்ந்து காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார்.

இரண்டாயிரத்து மூன்றில், மாமா டியூட்டியில் இருந்த ஒரு பகலில், எட்டுக் கல்லையும் சாய்த்துச் சம்மட்டியால் உடைத்து மேடைக்குள் போட்டு நிரப்பிவிட்டார்கள். மேலே ரோஸ் நிறத்தில் குளியலறை டைல்ஸ் பதித்தார்கள். பவுன் அக்கா வைத்த சோற்றை மாமா இரண்டு நாள் தொடவில்லை.

மூன்று வருஷம் கழித்துக் கிரிஜா அனுமதிக் கடிதத்தோடு வந்தார். மாமா ரேஷன் கார்டிலிருந்து வரைபடத்தை எடுத்துக்கொண்டு கூடவே போனார், நானும் போனேன். மிஞ்சிய ஒற்றைக் கல்லில் விரல் கனத்துக்குச் செந்தூரம், நடுவில் இரண்டு வெள்ளிக் கண்கள். அது கல்லா மண்ணா என்றே தெரியவில்லை.

"மத்த எட்டும் எங்க சார்?"

மாமா காலடி டைல்ஸைக் காட்டினார்.

"யாரு சார் இதை ஆரம்பிச்சது?"

வாசலில் ஒரு சலவைக்கல் பதித்திருந்தார்கள். அதில் மராட்டியிலும் தமிழிலும் முதல் வரி: 'முதல் பூசை செய்தவர் திரு. அருணாச்சலம்.' மாமா அதைச் சுட்டிக்காட்டி, "நான்தாம்மா" என்றார்.

கிரிஜா திட்டியிருந்தால் தேவலை. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். அதற்குள் மாமாவைப் பார்த்துவிட்ட பூசாரி ஓடிவந்து கட்டைவிரலால் அவர் நெற்றியில் செந்தூரத்தை அப்பினான். எண்ணெய் மூக்கில் வழிந்தது. மாமா வாயைப் பொத்தியபடி கோயிலுக்குப் பின்னால் ஓடினார். நான் பின்னாலேயே போனேன்.

அங்கே பின்சுவரைப் பார்த்தபடி மூன்று பேர் வரிசையாக நின்று மூத்திரம் பெய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் திரும்பி, மாமாவை அடையாளம் கண்டுகொண்டு, பெய்வதை நிறுத்தாமலே இன்னொரு கையை நெற்றிக்கு உயர்த்தி, மராட்டியில் முறை சொல்லி, "நமஸ்கார், காகா" என்றான்.