ரோஹிணிக்கு ஐந்து புள்ளி ஒன்பது

நகரியில் கணவன் மோகன்ராஜோடு விசைத்தறி ஓட்டும் ரோஹிணிக்கு முப்பத்து நான்கு வயது. திருப்பதி மருத்துவமனை ஒன்றில் அவளுடைய கருக்கள் மூன்றை உறைய வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றைக் கர்ப்பப்பையில் வைக்க வேண்டுமானால், முதலில் கர்ப்பப்பையின் உள்படலம் ஏழு, எட்டு மில்லிமீட்டராவது தடிக்க வேண்டும். அதற்காகத் தினம் மூன்று வேளை மாத்திரை.

அதே நாளில் மாத்திரை தொடங்கியவள் துர்காதேவி. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து சத்தியவேட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இருபத்தாறு வயதுப் பெண். தெலுங்கு படிக்கத் தெரியாது. ஸ்கேன் அறை வாசலில் பழக்கமாகி, நர்ஸ் எழுதித் தரும் சீட்டையெல்லாம் ரோஹிணியிடமே நீட்டுவாள். ரோஹிணியும் தங்கையைப் போல நினைத்துப் படித்துச் சொன்னாள், பன்னிரண்டாம் நாள் ஸ்கேன் வரைக்கும்.

அன்று துர்காவுக்கு ஒன்பது. ரோஹிணிக்கு ஐந்து புள்ளி ஒன்பது. இந்த மாதம் வேண்டாம், மருந்தை மாற்றி அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். துர்காவுக்கு, கரு வைப்பதற்கு முன் போட வேண்டிய ஊசி தொடங்கும் நாளை எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் புத்தூர் வரை துர்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ரோஹிணிக்கு அந்தக் கையை உதற வேண்டும் போலிருந்தது. இவள் இரண்டு நாள் மாத்திரையை மறந்தவள். தான் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. மாதுளை, பீட்ரூட் என்று யார் எதைச் சொன்னாலும் தின்றிருக்கிறாள். பிறகு ஏன் இவளுக்கு மட்டும்?

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு துர்கா சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஊசி இன்றா நாளையா, மருத்துவமனையில் யாரும் போன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தாள். ஞாயிறு மாலை ஆறு மணி என்று சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. ஊசி தள்ளிப்போனால் கரு வைக்கும் நாள் கெடும் என்பது ரோஹிணிக்குத் தெரியும். போனை ஜன்னலில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தறியருகே போய் நின்றாள். போன் இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது. யாரென்று மோகன்ராஜ் கேட்டதற்கு ராங் நம்பர் என்றாள்.

ஐந்தரைக்குத் தறியை நிறுத்திவிட்டு அவளே கூப்பிட்டாள்.

"இன்னிக்குத்தான், ஆறு மணிக்கு. இன்னா பண்ணிக்கினு இருக்கற? ஊசி போட பக்கத்து கிளினிக்குக்குக் கிளம்பு."

துர்காவுக்குக் கரு ஒட்டியது. மூன்றாம் மாதம் இனிப்போடு நகரிக்கு வந்தாள். ரோஹிணியால் அவள் வயிற்றைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னிக்கு உன் மெசேஜ நாலு மணிக்கே பாத்துட்டேன், துர்கா. வேணும்னேதான் சொல்லல."

துர்கா இனிப்புப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"தெரியும்க்கா. நீ பாத்துட்டன்னு வாட்ஸ்அப்ல நீல டிக் காட்டிச்சு. அழுதுக்கினே உக்காந்திருந்தேன்."

மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. ரோஹிணியும் கேட்கவில்லை. காபி குடித்துவிட்டு துர்கா பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மருந்து மாற்றிய பிறகு ரோஹிணிக்குப் படலம் ஏழரை வரை வந்தது. ஒரு கருவை வைத்தார்கள். ஒட்டவில்லை. இன்னும் இரண்டு இருக்கின்றன. இந்த மாதம் மறுபடி மாத்திரை தொடங்கியிருக்கிறாள். துர்கா வளைகாப்புக்கு அழைத்திருக்கிறாள். போகலாமா என்று மோகன்ராஜ் கேட்டான். அன்றைக்கு எனக்கு ஸ்கேன் இருக்கிறது என்றாள். ஸ்கேன் மறுநாள்தான்.