மாமாவின் ஜீப்பில் தொங்கிய ரப்பர் பட்டை

என் செல்லங்களே, நம் காருக்குப் பின்னால் தரையைத் தொட்டபடி தொங்கும் கறுப்பு ரப்பர் பட்டையைப் பார்த்து நேற்று நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். இது வாந்தியை நிறுத்தாது, சும்மா ஏமாற்று வேலை என்று போனிலேயே போட்டிருப்பதாகப் பெரியவன் சொன்னான். போட்டிருப்பது சரிதான். ஆனாலும் அதை ஏன் கழற்றாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, மலைமேல் இருக்கும் நம் புதூர்நாட்டுப் பக்கத்தில் என்னைவிட வேகமாக ஓடுகிற பிள்ளை கிடையாது. மேட்டிலும் பள்ளத்திலும் ஆட்டின் பின்னால் ஓடிப் பழகிய கால்கள். ஆனால் பந்தயம் நடப்பது கீழே திருப்பத்தூரில். ஜீப்பில் ஏறினால் இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே எனக்கு வயிறு புரண்டுவிடும். முந்தைய வருடம் வழியெல்லாம் வாந்தியெடுத்து, மைதானத்தில் கோட்டருகே நிற்கக்கூட முடியாமல் அம்மா மடியில் சுருண்டு கிடந்து திரும்பி வந்தேன். இந்த முறையும் அப்படியானால் இனிமேல் கூட்டிப்போவதில்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

அந்த ஜீப்பை ஓட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வண்டிச் சாமான் கடையைக் கண்டால் கோயிலைக் கண்டது மாதிரி நின்றுவிடுவார். டீசலை மிச்சம் பிடிக்கும் என்று ஒரு நீல விளக்குப் பெட்டி மாட்டினார். விளக்கு நன்றாக எரிந்தது, டீசல் எப்போதும்போலத் தீர்ந்தது. எலி வராமலிருக்க மாட்டிய பெட்டிக்குள்ளேயே எலி குட்டி போட்டது. அப்படிப்பட்டவர் பந்தயத்துக்கு முந்தின நாள் இந்த மாதிரி ஒரு பட்டையோடு வந்தார்.

“மாப்ள, வண்டியில ஓடுற கரண்டுதான் வவுத்தப் பெரட்டுது. இது தரையில பட்டா கரண்டு மண்ணுக்குள்ள எறங்கிப்பூடும். நாளைக்கு நீ ராஜா மாதிரி வர்ற.”

அம்மா முறைத்தாள். “எலிப் பொட்டி வாங்கன கடைதானே?”

“இது வேற கடை, அக்கா!”

மறுநாள் காலையில் ஜீப் புளியமரத்தடியில் நின்றது. முன் சீட்டு எப்போதும் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டருக்குத்தான். அவர் வராத நாளில்கூட மற்றவர்கள் அதில் உட்காரக் கூசுவார்கள். அன்று மாமா அவரையே பின்னால் போகச் சொன்னார்.

“பட்டையோட சக்தி முன்சீட்டுல மட்டுந்தான் புடிக்குங்க. பையன் குந்தட்டும், கவுண்டரே.”

“இன்னா சக்தியோ, இன்னா பட்டையோ,” என்று முனகியபடி அவர் பின்னால் போய்ப் புளி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பி மரத்தின் வேர்மேல் ஏறி இறங்கியது. தொப்பென்று ஒரு சத்தம்.

“இன்னாவோ வுழுந்துச்சுப்பா!” என்றார் கவுண்டர்.

மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். “புளியங்கா,” என்றார். நிறுத்தவில்லை.

வழக்கமாக அம்மா என் தலையைத் துண்டால் மூடி மடியில் சாய்த்துக்கொள்வாள். மாமா அதற்கும் விடவில்லை. பள்ளத்தில் மாட்டினால் பட்டை அறுந்துவிடும், அதனால் ரோட்டையே பார்த்து வர வேண்டும், பள்ளம் கண்டால் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார். நானும் “பள்ளம் மாமா, பள்ளம்!” என்று கத்திக்கொண்டே போனேன். வளைவுகளில் ஜீப் ஊர்ந்தது.

“இன்னாடா, ஜீப்பா மாட்டுவண்டியா? நாங்க போறதுக்குள்ள சந்தை கலஞ்சிபூடும்!” என்றார் கவுண்டர்.

“வேகமா போனா பட்டை தரையில படாதுங்க. அப்பால கரண்டு உங்க வவுத்துல ஏறிக்கும்.”

கவுண்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கீழே இறங்கியபோது வாந்திக்கு முன்னால் வாயில் ஊறுகிற எச்சில்கூட எனக்கு ஊறவில்லை. கோட்டில் நின்றேன். ஓடினேன். இரண்டாவதாக வந்தேன். முதலில் வந்தவனின் வீட்டாரைவிட என் மாமா போட்ட சத்தம்தான் பெரிது. திரும்பி மலையேறும்போதும் அதே முன்சீட்டு, அதே பள்ளம் பார்க்கும் வேலை, அதே ஊர்வலம்.

வெயில் சாய்வதற்குள் ஊர் சேர்ந்தோம்; ஜீப் மறுபடி புளியமரத்தடியில் நின்றது. பரிசாகக் கிடைத்த தம்ளரை அம்மாவிடம் ஆட்டி ஆட்டிக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டே மாமா எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்தங்கினேன். புளியமரத்து வேர் ஓரத்தில் கறுப்பாக ஏதோ கிடந்தது. பட்டை. ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அறுந்த கம்பி மட்டும் தொங்கியது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இங்கே கிடந்தபடியே திருப்பத்தூர் வரைக்கும் என்னைக் காப்பாற்றியிருக்கிறதே, எவ்வளவு சக்தி இருக்க வேண்டும்! முன்சீட்டையும், ரோட்டிலேயே இருந்த என் கண்ணையும், ஊர்ந்து போன வண்டியையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை. மாமா வாங்கியதிலேயே சொன்னபடி வேலை செய்தது இது ஒன்றுதான், அதுவும் அறுந்துவிட்டது தெரிந்தால் பாவம், மனசு உடைந்துபோவார் என்றும் பட்டது.

பட்டையின் மண்ணைச் சட்டையில் துடைத்தேன். மல்லாந்து படுத்து ஜீப்புக்கு அடியில் நுழைந்து, கம்பியை இறுக்கிச் சுற்றி அதைக் கட்டினேன். நுனி தரையைத் தொடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு ஓடினேன்.