காட்டேரிப் பையனின் குரல்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. தெருவில் எல்லோருக்கும் அவள் பஞ்சுதான். யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்ல வாய் வராது. பக்கத்து வீட்டு அக்கா குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டுக் கடைக்குப் போவாள். கூடப் படிக்கிறவர்கள் படம் வரைகிற வேலையையெல்லாம் அவள் தலையில் கட்டுவார்கள். பதினேழு வயது வரை பஞ்சு தனக்கென்று ஒன்றைக் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. அவளுக்கே நினைவில்லை.

அம்மாவுக்குக் குரல்தான் பிழைப்பு. வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குத் தமிழில் பேசுவாள். முயல், எலி, அழுமூஞ்சிக் குழந்தை என்று எதைக் கொடுத்தாலும் ஊதித் தள்ளுவாள். அந்த வருஷம்தான் அவளுக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. ஜப்பானிய அனிமே தொடர் ஒன்றில் கதாநாயகனுக்குப் பேச வேண்டும். ரத்தக் காட்டேரிக் குலத்தில் பிறந்துவிட்டு, மனிதர்களைக் கடிக்க மனசு வராமல் பட்டினி கிடக்கிற பையன் அவன். பசி முற்றினால் கத்துவான். அவனுக்கோ பசி முற்றாத எபிசோடே கிடையாது.

நடுவில் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, தொண்டைக் கட்டு போகவில்லை. பேசினால் ஒப்பேற்றிவிடலாம். கத்தினால்தான் ஓட்டைக் குழாய் மாதிரி வெறும் காற்று வந்தது.

வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குக் கூடப் போயிருந்த பஞ்சு சொன்னாள்: “அம்மா, பேசுறத நீ பேசு. கத்துறத நான் கத்துறேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டப்பிங் டைரக்டர் மேடம் சிரித்துவிட்டார். “சரி, எங்க, கத்து பாப்போம்.”

கத்தினாள். சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. வாசலில் இருந்த வாட்ச்மேன் தடியோடு ஓடிவந்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று மூச்சு வாங்கினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகம் சிரித்தது அம்மாதான்.

அன்றிலிருந்து கத்தல் பஞ்சுவுடையது. அப்புறம் விசும்பல், உறுமல், மூச்சிரைப்பு என்று ஒவ்வொன்றாக அவள் பக்கம் வந்தன. “எனக்கு வீட்டுலயே ஒரு உபரித் தொண்டை இருக்கு” என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தாள்.

பஞ்சுவோ அந்தக் காட்டேரி உலகத்துக்குள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தாள். தொடரை முதலிலிருந்து பார்த்தாள். அது தீர்ந்ததும் அதே மாதிரி வேறு தொடர்களைத் தேடினாள். கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிக் கோரைப்பல்லைப் பார்த்துக்கொண்டாள். துணி அலசும்போதும் வாய் வசனத்தை முணுமுணுத்தது. பையனின் நல்ல மனசு அவளை அவ்வளவாக இழுக்கவில்லை. அது அவளுக்குப் பழகிய சமாச்சாரம். மொட்டை மாடியில் நின்றுகொண்டு அவன் வெட்கத்தை விட்டு ‘எனக்கு வேணும்’ என்று சொல்கிற இடம் ஒன்று வரும். அந்த இடம்தான் அவளை ஆட்டிப் படைத்தது. அந்த வசனம் அம்மாவுடையது. அம்மா இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாமே என்று தோன்றும். தோன்றிய கையோடு தன்னையே திட்டிக்கொள்வாள்.

அம்மா தொண்டை டாக்டரிடம் போயிருந்த ஒரு காலையில், கத்தல்களை மட்டும் முடித்துக் கொடுக்கப் பஞ்சு தனியாக ஸ்டுடியோவுக்குப் போனாள். வேலை சீக்கிரமே முடிந்தது. மேடம் ஏதோ யோசனையில், “அந்த மொட்டை மாடி சீன முழுசா ஒரு தடவை பேசிக் காட்டு” என்றார்.

பேசினாள். ‘எனக்கு வேணும்’ என்றபோது குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. இன்ஜினியர் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார்.

“இனிமே முழுசும் நீயே பேசிடேன்” என்றார் மேடம். “ஆனா அம்மா என்ன சொல்வாங்க?”

அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு. “அம்மாவே இனிமே முடியாதுன்னுட்டாங்க மேடம். உங்ககிட்ட சொல்ல அவங்களுக்கு மனசு வரல. அதான் நான் சொல்றேன்.”

அம்மா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

மேடம் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். “இந்த வயசுல இப்படி ஒரு பொண்ணா! அம்மாவுக்காக எவ்வளவு பாக்குற.” பஞ்சுவின் காது மடல் சுட்டது. ஆனாலும் வீடு வரும்வரை அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள்.

அம்மா மலர்ந்த முகத்தோடு கதவைத் திறந்தாள். “கட்டி கிட்டி ஒண்ணும் இல்லையாம்டி! மருந்து குடுத்துருக்காங்க. பழையபடி பேசலாமாம்.”

“அப்படியா” என்றாள் பஞ்சு. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனாள்.

அடுத்த ரெக்கார்டிங்குக்கு இருவரும் பஸ்ஸில் போனார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும், இப்போது சொல்லிவிடலாம் என்று பஞ்சு நினைத்தாள். பஸ் கிளம்பியதும் அடுத்த நிறுத்தத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றாகிவிடும். அப்படியே ஸ்டுடியோ வந்துவிட்டது.

அம்மா நேராக மைக் அறையைப் பார்க்க நடந்தாள். “நீங்க ஏன் சிரமப்பட்டு வந்தீங்க?” என்று மேடம் எழுந்தார். “இனிமே முடியாதுன்னுட்டீங்கன்னு பொண்ணு சொன்னாளே.”

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். பஞ்சு தரையைப் பார்த்தாள்.

“ஆமா மேடம்” என்றாள் அம்மா. “நான்தான் சொல்லச் சொன்னேன். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.” போய் இன்ஜினியருக்குப் பின்னால் இருந்த சோபாவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பஞ்சுவுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

மைக் அறையில் சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்திருந்தது. திரையில் காட்டேரிப் பையன் வாயைத் திறந்தான். பஞ்சுவும் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் வரவில்லை. மூன்றாவது தடவை வசனத்துக்குப் பதில், “நான் சொன்னது பொய் மேடம்” என்றாள் மைக்கில். “அம்மா முடியாதுன்னு சொல்லவே இல்ல. எனக்குத்தான் வேணும்னு இருந்துச்சு.”

அந்தப் பக்கத்தில் பொத்தானை அமுக்கினால் ஒழிய இந்த அறையில் எதுவும் கேட்காது. கண்ணாடி வழியே வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. மேடம் அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள். இன்ஜினியர் வேறெங்கோ பார்த்தார். மண் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று பஞ்சுவுக்கு இருந்தது.

கடைசியில் ஹெட்போனில் அம்மாவின் குரல் வந்தது. “மொதல்ல தண்ணியக் குடி. அழுதா மூக்கு அடைச்சுக்கும்.”

மேடம் அதற்கு மேல் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவை உள்ளே அனுப்பி அதே சீனைப் பேசச் சொன்னார். அம்மா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். உச்சத்துக்குப் போனபோது குரல் இரண்டாகப் பிளந்தது. இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றாள். மறுபடியும் பிளந்தது. அவளே ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

“அவளே பேசட்டும் மேடம். இத நான் நெசமாவே சொல்றேன்.”

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: “கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா?”

பஞ்சு கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டினாள்.

“ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுக்கத் தெரியுது. பெத்தவகிட்ட வாயத் தொறந்து கேக்கத் தெரியல.” இறங்கும்போது அம்மா பிளாஸ்க்கை மகளிடம் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டாள்.

தொடர் முடியும்வரை பஞ்சுதான் பேசினாள். அம்மாவுக்குக் கிழவிகளும் சூனியக்காரிகளும் வந்தார்கள். அவள் குறை சொல்லாமல் பேசிக் கொடுத்தாள். தெருவில் மட்டும், “என் தொண்டை மக்கர் பண்ணிடுச்சு, நல்ல வேளையா பொண்ணு கை குடுத்தா” என்றே சொல்லி வைத்திருந்தாள். அதனால் பார்க்கிறவர்களெல்லாம் பஞ்சுவைப் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் அவள் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. அடக்கம் என்று அதையும் சேர்த்துப் பாராட்டினார்கள்.

கடைசி எபிசோடு ஒரு விடுமுறை நாள் மதியம் வந்தது. அம்மா வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து முழுசும் பார்த்தாள். பஞ்சு கதவோரம் நின்றாள். எழுத்தெல்லாம் ஓடி முடிந்து திரை கறுத்த பிறகு அம்மா பெருமூச்சு விட்டாள்.

“நல்லாத்தான் பேசியிருக்க” என்றாள். “அதான் எனக்கு இன்னும் கோவம் அடங்கல.”

பஞ்சு “ம்” என்றாள். போய் அம்மாவுக்குப் பக்கத்தில், சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அம்மா எழுந்து போகவில்லை.